மூன்றாம் பாயிண்ட்

பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனி பஸ் வரும். காலை ஐந்தேகாலுக்கு ஒன்று, மதியம் ஒன்றேகாலுக்கு ஒன்று, இரவு ஒன்பதேகாலுக்கு ஒன்று. ரயில் வராது. வரப்போகிறது என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். அதைச் சொல்லியே மனை விற்றவர்கள் உண்டு. நிஜமாக ரயில் ஓடியது சாம்சன் வீட்டு ஹாலில்தான்.

அவர்கள் கீழே, நான் மாடியில். வீடு கோவிந்தம்மாவுடையது. சாம்சன் ஒரகடத்தில் ஒயர் கம்பெனியில் லைன் ஆபரேட்டர். காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டாகச் சேர்த்து, நுனியில் கனெக்டர் மாட்டும் வேலை. அவர் மனைவி ஷெர்லின் செல்போன் பாகம் செய்யும் இடத்தில் இன்ஸ்பெக்‌ஷன். எட்டு மணி நேரம் லென்ஸுக்குக் கீழே கீறல் தேட வேண்டும். மகள் கவியா ஆறாம் வகுப்பு. அவளோடு யாராவது வீட்டில் இருக்க வேண்டும் என்று இருவரும் எதிரெதிர் ஷிப்ட் கேட்டு வாங்கியிருந்தார்கள். அதனால் ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் தூங்கிக்கொண்டிருப்பார். வாரக்கணக்கில் அப்படித்தான்.

ரயில் பலகை பதினோரு அடி நீளம், ஐந்தடி அகலம். பழைய மரக்கடையில் வாங்கிய பேக்கிங் கட்டைகளை அறுத்து, பசையும் திருகும் போட்டு ஒரே துண்டாக அடித்தது. ஹாலில் சோபா இல்லை, டிவி இல்லை. பலகையைச் சுற்றி மிஞ்சிய ஒன்றரை அடியில் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். என்ஜின் மட்டும் கடையில் வாங்கியது. பெட்டிகள் எல்லாம் ஃபோம் ஷீட்டில் அறுத்து, ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் ஒட்டி, ஷெர்லின் வண்ணம் தீட்டியவை. கீறல் தேடிப் பழகிய கண். ஒரு பெட்டியில்கூடப் பிசிறு இருக்காது.

ஸ்டேஷன்கள் நான்கு. ஒரகடம் யார்டு, பிள்ளைப்பாக்கம், மலையோடு குன்றத்தூர், கடைசியில் கடம்பூர். கடம்பூர் பிச்சையாவுக்காக. அவன் சாம்சனோடு ஒரே லைனில் வேலை செய்கிறவன், கோவில்பட்டிப் பக்கம். எட்டு வருடமாக இங்கே ஹாஸ்டல் அறையில் ஆறு பேரோடு ஒருவனாக இருக்கிறான். முதன்முதல் பலகையைப் பார்த்த அன்று, "எல்லா ஊரும் வச்சிருக்கீய, எங்க ஊருக்கு என்ன குறச்சல் அண்ணாச்சி?" என்று கேட்டான். அடுத்த மாதம் கடம்பூர் வந்துவிட்டது. பிளாட்பாரத்தில் போளி விற்கும் ஆள்கூட உண்டு, தீக்குச்சியில் செய்தது. நிஜத்தில் ஒரு ராத்திரிப் பயணம். பலகையில் நான்கு அடி.

வீட்டில் ஒரு நோட்டு இருந்தது. கம்பெனியில் ஷிப்ட் முடிக்கிறவர் அடுத்து வருகிறவருக்கு எழுதி வைக்கும் நோட்டு மாதிரி. வேலைக்குக் கிளம்புகிறவர் வண்டிகளை நிறுத்திய இடத்தை எழுதிவிட்டுப் போவார். வந்தவர் படித்துவிட்டு அங்கிருந்து ஓட்டுவார்.

"சரக்கு வண்டி யார்டுல நிக்குது. ரெண்டாவது வேகன் தடம் எறங்குது, சக்கரத்த பாரு. ரசம் ஃப்ரிட்ஜுல கீது. – சா."

"வேகன் சரியாதான் கீது. தண்டவாளம் தூக்கிகினு இருந்துச்சு, அமுக்கிட்டேன். ரசம் புளிச்சிப்போச்சு. – ஷெ."

கீழே கவியா சிவப்புப் பேனாவில்: "நேற்று கையெழுத்து இல்லாமல் வண்டி எடுத்தது யார்?"

நான் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் சேஃப்டி ஆபீசர். மெஷினைப் பிரித்து வேலை செய்கிறவர் அதன் சுவிட்சில் டேக் எனும் சிவப்பு அட்டை ஒன்றைத் தொங்கவிட வேண்டும். அட்டையில் பெயர், தேதி, காரணம். தொங்கவிட்டவரைத் தவிர வேறு யாரும் கழற்றக் கூடாது. வாரத்துக்கு இரண்டு வகுப்பில் இதைச் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டாக இங்கேயும் சொன்னேன். கவியா பிடித்துக்கொண்டாள். ஒரு கட்டு அட்டை வாங்கி வந்து கொடுத்தேன். அதன்பிறகு ரிப்பேரில் இருக்கும் எதிலும் அட்டை தொங்கும். ஒருமுறை மிக்சியில் தொங்கியது.

என் மனைவி இசைவாணி என்னைவிட அதிகமாகக் கீழே இருந்தாள். மதியம் ஷெர்லின் பஸ் ஏறி, சாம்சன் வந்து சேரும் வரையுள்ள இடைவெளியில் வண்டி ஓட்டியவள் அவள். கவியா அவளை அக்கா என்பாள், என்னை அங்கிள் என்பாள். "நான் அக்கான்னா இவரு மாமாதானடி?" என்று கேட்டும் பார்த்தாள். மாறவில்லை.

பிள்ளைப்பாக்கம் ஸ்டேஷனில் தண்டவாளம் இரண்டாகப் பிரியும். அப்படிப் பிரியும் இடத்துக்குப் பாயிண்ட் என்று பெயர். சைக்கிள் கம்பி ஒன்றைப் பலகை ஓரத்திலிருந்து தள்ளினால் தடம் மாறும். அது மூன்றாவது பாயிண்ட். அதன் அடிக்கட்டை பெயர்ந்திருந்தது. இசைவாணி பசை போட்டு ஒட்டினாள். காய்வதற்குள் யாரும் தள்ளிவிடக் கூடாது என்று கம்பி நுனியில் சிவப்பு அட்டையைக் கட்டினாள். அப்போது கடம்பூர் பாசஞ்சர் உள் தடத்தில் நின்றிருந்தது. மறுநாள் அவளுக்குக் காய்ச்சல். ஆறாம் நாள் அவள் இல்லை.

பதினான்கு மாதம் ஆகிறது. மற்ற வண்டிகள் ஓடின. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே போவேன். குன்றத்தூர் மலைப்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி போடுவார்கள். அங்கிருந்து பார்த்தால் பிள்ளைப்பாக்கம் ஸ்டேஷன் மலைக்குப் பின்னால் போய்விடும். நான் அந்தப் பக்கம் போகவே இல்லை.

கோவிந்தம்மா வீட்டை விற்றது இந்த வருடம். வாங்கியவர் ஹாஸ்டல் கட்டுகிறவர். திங்கட்கிழமை இடிக்க வருவார்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும். சாம்சன் குன்றத்தூரில் இரண்டு அறை வீடு பார்த்துவிட்டார். நான் அங்கேயே என் அண்ணன் வீட்டு மாடிக்குப் போவதாக இருந்தது. எனக்குச் சாமான் அதிகமில்லை.

வியாழக்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது சாம்சனும் பிச்சையாவும் வாசலில் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். எதிரில் முன்பே எழும்பிவிட்ட இன்னொரு ஹாஸ்டலின் சுவர்.

"மூணே கால் அடி," என்றார் சாம்சன்.

"காலையிலயும் மூணே கால்தான் சொன்னீய. செவுரு என்ன, மனசு மாறித் தள்ளி நிக்கவா போகுது?"

"பலக அடிக்கச்சொல்ல இங்க செவுரு ஏதுப்பா? முள்ளுச்செடிதான் இருந்திச்சு. ஒரு லாரி உள்ள வந்து திரும்பிகினு போவும்."

"லாரி வரும்னு பாத்தீய. ஹாஸ்டல் வரும்னு பாக்கலயே அண்ணாச்சி."

"ஹாஸ்டல்ல கீறவன் நீ. நீ பேசற."

பலகையைச் செங்குத்தாக நிறுத்தினால் கதவைத் தாண்டும். தாண்டியதும் திருப்ப இடம் இல்லை. பதினோரு அடி மரம் வளையாது. ஜன்னலில் கம்பி, பின்பக்கம் பாத்ரூம். நானும் ஒருமுறை அளந்தேன். மூணே கால்தான்.

உள்ளே கவியா நோட்டை எடுத்து நீட்டினாள். நான்கு நாட்களாக அதில் சண்டை நடந்திருந்தது.

"கதவ கழட்டிட்டா வருமா? – சா."

"கதவு இல்ல பிரச்சன, செவுரு. ரெண்டா வெட்டணும். – ஷெ."

"வெட்ட முடியாது. – சா."

"அப்ப ஜேசிபிக்காரனுக்கு ஒரு டிக்கெட் போட்டு ஏத்தி உடு. – ஷெ."

"ஒயர கழட்டிட்டு வெட்டலாமே," என்றேன்.

சாம்சன் என்னைக் குனியச் சொல்லிப் பலகைக்கு அடியில் டார்ச் அடித்தார். ஒயர்கள் கருப்பு டேப் சுற்றி, கை மொத்தத்தில், ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடின. எல்லாம் ஈயம் உருக்கிப் பற்றவைத்தவை. ஒரு இடத்தில்கூடக் கழற்றும் வழி இல்லை.

"நடுவுல ஒரு கனெக்டர்கூட இல்லியா?"

"சார், ஒரு ஷிப்ட்டுக்கு அறநூறு கனெக்டர் மாட்றேன். கையில காப்பு காச்சிப்போச்சு. வூட்டுக்கு வந்தும் அதயே மாட்டிகினு இருக்க சொல்றீங்களா? இங்கியாச்சும் ஒரே ஒயரா போவட்டும்னு உட்டுட்டேன்."

"ஊரு காருக்கெல்லாம் கழட்டி மாட்ட வழி பண்ணுதாரு," என்றான் பிச்சையா. "சொந்த வண்டிக்கு அரணாக்கயிறு மாதிரி முடிச்சு."

சாம்சன் சிரிக்கவில்லை. காலை நான்கரைக்கு எழுந்தவர். தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தார்.

"சரி, வெட்டித்தான் ஆவணும். ஒயர அப்பறம் பாத்துக்கலாம். எங்க வெட்றதுன்னுதான்..."

"பிள்ளைப்பாக்கம் ஸ்டேஷன்கிட்ட வெட்டுங்க," என்றேன். "கீழ கால் கட்ட ரெண்டும் அங்கதான் சேருது. நேரா வரும். பாயிண்ட கழட்டி வெச்சிட்டா போதும்."

பிச்சையா டேப்பைச் சுருட்டினான். கவியா நோட்டை மூடினாள்.

"அங்க வேணாம் சார்," என்றார் சாம்சன். "ஏரி பக்கமா பாக்கறேன்."

ஏரி அவர்களுடைய கோடை விடுமுறை வேலை. கண்ணாடி மாதிரி இறுகும் பிசினை ஐந்து அடுக்காக ஊற்றி, ஒவ்வொன்றும் காயக் காத்திருந்து செய்தது. உள்ளே களிமண்ணில் ஒரு எருமை, தலை மட்டும் வெளியே. அதில் ரம்பம் வைத்தால் நொறுங்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். நான் மாடிக்குப் போனேன்.

ஞாயிறு காலை சாமான் வண்டி வந்து கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ் எல்லாம் ஏற்றிக்கொண்டு போனது. வண்டிக்காரன் பலகைக்காகச் சாயங்காலம் திரும்ப வருவான். ஷெர்லினுக்கு அன்றும் மதிய ஷிப்ட். ஆள் குறைவு என்று சூப்பர்வைசர் லீவு தரவில்லை. அடுப்பு ஒன்றை மட்டும் ஏற்றாமல் வைத்துக் கறிக்குழம்பு செய்துகொண்டிருந்தார். மாடிவரை வாசனை வந்தது. பிறகு ரம்பச் சத்தம் வந்தது. பத்துப் பன்னிரண்டு இழுப்பு. பிறகு ஏதோ உடையும் சத்தம். அதன்பின் ஒன்றும் இல்லை.

நான் இறங்கிப் போனேன்.

ஏரியின் ஓரத்திலிருந்து நடுவரை விரிசல் ஓடியிருந்தது. எருமையின் கொம்பு ஒன்று தரையில் கிடந்தது. கவியா அதைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்திருந்தாள். அழவில்லை. சாம்சன் ரம்பத்தைப் பிடித்தபடியே நின்றார். பிச்சையா பலகையின் மறுமுனையைத் தாங்கிக்கொண்டிருந்தான்.

"ஏன் இங்க வெட்டறீங்க? அன்னிக்கே சொன்னேனே, ஸ்டேஷன்கிட்டன்னு."

சாம்சன் பிச்சையாவைப் பார்த்தார். பிச்சையா மேலே ஃபேன் இருந்த கொக்கியைப் பார்த்தான்.

ஷெர்லின் கரண்டியோடு சமையலறை வாசலுக்கு வந்தார். கம்பெனிச் சட்டை போட்டுத் தயாராக இருந்தார்.

"கேக்கறாரு இல்ல? வாயத் தொறந்து சொல்லேன்யா."

"நீயே சொல்லு."

"நான் இன்னாத்துக்கு சொல்லணும்? தம்பிகிட்ட ஒரு வார்த்த கேளுன்னு திங்கக்கெழமயே எழுதி வெச்சேன். அந்தப் பக்கத்த மட்டும் கிழிச்சி போட்டுட்டாரு, தம்பி. எப்டி கேக்கறது, எப்டி கேக்கறதுன்னு முழிச்சிகினே ஒரு வாரம். இப்ப பாரு, புள்ள செஞ்ச ஏரி போச்சு."

"ஷெர்லி, கம்முனு இரு."

"எட்டு மணி நேரம் அங்க கம்முனுதான் கீறேன். வூட்லயும் கம்முனு இருன்னா எப்டி?"

கவியா கொம்பைப் பார்த்தபடியே சொன்னாள். "அங்க டேக் கீது அங்கிள்."

நான் மலையைச் சுற்றி அந்தப் பக்கம் போனேன். நான்கு தப்படிதான். பலகை முழுக்கப் பெயிண்ட் பிரஷால் தூசி தட்டி வைத்திருந்தார்கள். பாயிண்டைச் சுற்றி ஒரு ஜாண் இடத்தில் மட்டும் தட்டவில்லை. உள் தடத்தில் நான்கு பெட்டிகளும் என்ஜினும் கூரையில் மண் படிந்து நின்றன. கம்பி நுனியில் அட்டை. சிவப்பு வெளுத்திருந்தது. பேனா வெளுக்கவில்லை. பெயர்: இசைவாணி. காரணம்: பசை காயவில்லை.

"இந்த வண்டிய வெளியே எடுக்கவே இல்லியா?"

"எப்டி எடுக்கறது?" என்றாள் கவியா. "போட்டவங்கதான எடுக்கணும்."

"ஒன்னோட வண்டிதானே இது?" என்று பிச்சையாவிடம் கேட்டேன். "ஒரு வார்த்தகூட கேக்கலியே."

"சிக்னல் விழலன்னா வண்டி நிக்கத்தான் செய்யும் சார்." பலகை முனையைக் கை மாற்றிப் பிடித்து, "வெளியூர்க்காரனுக்கு நின்னு பழக்கந்தான்," என்றான்.

குழம்பு கொதிக்கும் சத்தம் கேட்டது. ஷெர்லின் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"கவியா," என்றேன். "போட்டவங்க இல்லன்னா என்ன செய்யணும்? சொல்லிக் குடுத்திருக்கேன்."

அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு வகுப்பில் ஒப்பிக்கிற மாதிரி நிமிர்ந்து நின்றாள்.

"ஒண்ணு, அவங்க பிளாண்டுக்குள்ள இல்லன்னு நல்லா பாக்கணும்."

"பாத்தாச்சு."

"ரெண்டு..." நின்றுவிட்டாள்.

"சொல்லு."

"ரெண்டு, அவங்களுக்கு போன் பண்ணிப் பாக்கணும்."

"பண்ணினேன்."

"எப்போ அங்கிள்?"

"நெறைய தடவ."

ஷெர்லின் கரண்டியைத் தரையில் வைத்தார். சாம்சன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மரத்தூள் கண்ணில் ஒட்டியிருந்தது.

"மூணு," என்றாள் கவியா, மெதுவாக. "பொறுப்புல இருக்கறவங்க கையெழுத்துப் போட்டுட்டு எடுக்கணும்."

அட்டையைக் கட்டியிருந்த நூலில் இசைவாணி போட்ட முடிச்சு. அவிழ்க்க நேரம் ஆனது. சாம்சன் கத்தரிக்கோல் நீட்டினார். வேண்டாம் என்றேன். அவிழ்ந்தது. அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

"தள்ளுங்க சார்," என்றார் சாம்சன்.

கம்பி நகரவில்லை.

"மெதுவா. ரொம்ப நாளாச்சு இல்ல, இறுகியிருக்கும். இன்னும் கொஞ்சம்."

இரண்டாம் முறை தள்ளியதும் டக்கென்று தடம் மாறியது. அடிக்கட்டை அசையவில்லை. நன்றாக ஒட்டியிருந்தாள்.

"வெட்றதுக்கு முன்னால ஒரு ரவுண்டு," என்றார் ஷெர்லின். "பஸ்ஸுக்கு இன்னும் டைம் கீது."

சாம்சன் தண்டவாளத்தைத் துணியால் துடைத்துக் கரண்ட் கொடுத்தார். என்ஜின் உறுமியது, நகரவில்லை. பிச்சையா குனிந்து விரலால் ஒரு நெட்டுக் கொடுத்தான். கிளம்பிவிட்டது. உள் தடத்திலிருந்து வெளியே வந்து, மலையைச் சுற்றி, விரிசல் விட்ட ஏரிக்கரையோடு ஓடிக் கடம்பூரில், போளிக்காரன் முன்னால் நின்றது. கூரை மண் வழியெல்லாம் கொட்டியிருந்தது.

"பதினாலு மாசம் லேட்டு," என்றான் பிச்சையா. "பயணிகளுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்னு யாராச்சும் சொல்லுங்களேன். என்ன ரயில்வே நடத்துதீய?"

முதலில் ஷெர்லின் சிரித்தார், புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "போளி ஊசிப்போயிருக்கும்யா," என்றார். கவியாவும் சிரித்தாள். சாம்சன் பாயிண்டின் திருகுகளைக் கழற்றத் தொடங்கியிருந்தார்.

வெட்ட முக்கால் மணி நேரம் ஆனது. சாம்சனும் பிச்சையாவும் மாறி மாறி இழுத்தார்கள். நான் ஒரு பாதியைத் தோளில் தாங்கினேன். ஒவ்வொரு ஒயரிலும் கவியா எண் எழுதிய துண்டு டேப் ஒட்டிய பிறகு, ஷெர்லின் கத்தரித்தார். நாற்பத்திரண்டு. கடைசி ஒயரை வெட்டிய நேரம் தெருமுனையில் ஹாரன் கேட்டது. அவர் நோட்டில் ஏதோ கிறுக்கிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார். சாப்பிடவில்லை.

பாதிப் பாதியாகத் தூக்கினோம். கதவைத் தாண்டியதும் திருப்ப முடிந்தது. ஹாஸ்டல் சுவரில் லேசாக உரசியது, அவ்வளவுதான். சாமான் வண்டி வரும்வரை இரண்டு பாதிகளும் தெரு ஓரம் நின்றன, ஒயர் நுனிகள் தொங்க. சாம்சன் வாசற்படியில் உட்கார்ந்து பையிலிருந்து புதுக் கனெக்டர் பாக்கெட்டைப் பிரித்தார். கடையில் வாங்கியது. ஒரு பக்கத்துக்கு நாற்பத்திரண்டு, இரண்டு பக்கம்.

"லீவு நாள்லயும் இதானா சார்," என்றார், யாரையும் பார்க்காமல். முதல் ஒயரின் தோலைப் பல்லால் உரித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்ததை எடுத்துக் கொடுத்தேன்.

கவியா நோட்டோடு வந்து நின்றாள். ஷெர்லின் எழுதியது இருந்தது. "பாயிண்ட் 3 வேலை செய்யுது. குழம்பு சட்டியில கீது. தம்பிய சாப்ட சொல்லு, இல்லன்னா அப்டியே மாடிக்கு போயிடும். – ஷெ." அதற்குக் கீழே கவியா சிவப்பில் கோடு போட்டுக் கட்டம் கட்டியிருந்தாள். அட்டை எண், போட்டவர், கழற்றியவர், நேரம். எல்லாம் அவளே நிரப்பியிருந்தாள். கடைசிக் கட்டம் காலி.

"காரணம் எழுதணும் அங்கிள். கையெழுத்தும்."

கையில் டேப்பின் பசைப் பிசுக்கு. பேண்ட்டில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினேன்.

காரணம்: பசை காய்ந்துவிட்டது.